லாலாங் எத்தனை, கட்சி எத்தனை

திடலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைப் போட்டு, உள்ளே என்னென்ன செடி, ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணச் சொல்வார்கள். தாவரச் சூழலியல் செய்முறையில் முதல் வேலை பெரும்பாலும் இதுதான். கேட்க எளிது. குனிந்து உட்கார்ந்தால்தான் வில்லங்கம் தெரியும். லாலாங் புல் ஐம்பது தளிர் நிற்கிறது. மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அத்தனையும் மண்ணுக்குள் ஓடும் ஒரே தண்டிலிருந்து கிளம்பியவை. இப்போது எண்ணிக்கை ஐம்பதா, ஒன்றா?

ஒப்பீட்டு அரசியல் வகுப்பிலும் இதே கேள்வி வரும், வேறு சட்டை போட்டுக்கொண்டு. 2022 பொதுத்தேர்தலுக்குப் பிறகு நம் மலேசிய நாடாளுமன்றத்தில் எத்தனை கட்சிகள்? பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியை ஒன்றாக எண்ணுவதா, உள்ளே இருக்கும் கட்சிகளைத் தனித்தனியே எண்ணுவதா?

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் சூத்திரமும் ஒன்றே. 1949ல் சிம்சன் கொடுத்த பல்வகைமைக் குறியீட்டின் தலைகீழ் வடிவமும், 1979ல் லாக்சோவும் டாகெபெராவும் கட்சிகளை எண்ணக் கொடுத்த சூத்திரமும் கணக்கில் வேறல்ல. ஒவ்வொன்றின் பங்கையும் வர்க்கப்படுத்து, எல்லாவற்றையும் கூட்டு, அந்தக் கூட்டுத்தொகையால் 1-ஐ வகு. அவ்வளவுதான்.

சட்டத்துக்குள் லாலாங் 50, தொட்டாற்சிணுங்கி 30, இன்னொரு களை 20 என்று வைத்துக்கொள்வோம். பங்குகள் 0.5, 0.3, 0.2. வர்க்கங்களின் கூட்டல் 0.38. விடை 2.63. லாலாங் முழுவதும் ஒரே செடி என்று முடிவு செய்தால் 1, 30, 20 என்று ஆகி விடை 2.00க்கு இறங்கிவிடும். திடலில் ஒரு புல்லும் அசையவில்லை, எண்ணும் விதம்தான் மாறியது.

தேர்தலுக்கு வருவோம். 222 இடங்களில் மூடா கட்சியையும் சேர்த்துப் பக்காத்தான் 82, பெரிக்காத்தான் 74, தேசிய முன்னணி 30, சரவாக்கின் ஜி.பி.எஸ். 23, சபாவின் ஜி.ஆர்.எஸ். 6, வாரிசான் 3, ஓரிடம் மட்டும் வென்ற இரண்டு கட்சிகள், இரண்டு சுயேச்சைகள். கூட்டணிகளை ஒன்றாக வைத்தால் விடை 3.60. பக்காத்தானையும் (மூடாவைத் தனியாக வைத்து) தேசிய முன்னணியையும் மட்டும் உறுப்புக் கட்சிகளாகப் பிரித்து, மற்றதை அப்படியே விட்டாலும் 5.26க்கு ஏறிவிடும். தேர்தல் ஆணையத்தின் பட்டியலைச் சின்னவாரியாக எடுத்தால் இன்னொரு குழப்பம்: கிளந்தானிலும் திரங்கானுவிலும் பெரிக்காத்தானின் உறுப்புக் கட்சியான பாஸ் தன் சொந்தச் சின்னத்தில் நின்றது. அந்த இடங்களைப் பெரிக்காத்தானோடு சேர்த்தீர்களா, தனியே விட்டீர்களா என்று எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் புள்ளி போய்விடும், கணக்கு சரியாக இருந்தாலும்.

சூத்திரத்தில் தவறு செய்பவர்கள் குறைவு. எதை ‘ஒன்று’ என்று எண்ணினோம் என்பதைச் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். இரண்டு பாடங்களிலும் முதலாண்டு மாணவர்கள் சறுக்கும் இடம் இது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வின் விடைத்திட்டம் இந்தப் பழக்கத்தைக் கேட்பதில்லை என்பதால் அவர்களை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது.

சட்டத்தைப் போடும்போதே சில விதிகளைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். வேர் உள்ளே இருந்தால்தான் கணக்கு, இலை மட்டும் எட்டிப் பார்த்தால் இல்லை. விளிம்பில் வேரூன்றியதை இரண்டு பக்கங்களில் சேர்த்து, எதிர்ப்பக்கம் இரண்டிலும் விட்டுவிட வேண்டும். படரும் செடியை எண்ண முடியாவிட்டால் எத்தனை விழுக்காடு பரப்பை மூடியிருக்கிறது என்று மதிப்பிடலாம். ஆனால் ஒரு இனத்துக்கு எண்ணிக்கை, இன்னொன்றுக்குப் பரப்பு என்று கலந்து ஒரே குறியீட்டில் போடக்கூடாது. சிம்சன் குறியீட்டுக்கு மூன்று வடிவம் உண்டு: வர்க்கக் கூட்டல் அப்படியே, 1-லிருந்து கழித்தது, 1-ஐ வகுத்தது. எந்த வடிவம் என்று எழுதாத விடை திருத்துபவருக்கு வெறும் எண்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்

மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்பது தகுதி முகமையின் கணக்கு. ஆக 3 கிரெடிட் பாடம் 120 மணி. 14 வாரம், வாரம் 3 மணி வகுப்பு என்றால் 42 மணிதான் ஆகிறது. மீதி 78 மணியை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

தாவர அறிவியலில் அந்த மணிகளை ஆய்வுக்கூட அறிக்கை தின்னும், ஒப்பீட்டு அரசியலில் வாசிப்பு தின்னும். மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கில் மிண்டென் வளாகத்திலோ அறிவியல் பக்கம் இருந்துகொண்டு அரசியலை வெளிப்புல விருப்பப் பாடமாக எடுக்க நினைப்பவர்கள் பாடக் கையேட்டில் முன்நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாடப் பெயரும் குறியீடும் மாறிக்கொண்டே இருக்கும், சீனியர் சொன்ன குறியீட்டை நம்பிப் பதிய வேண்டாம். நேர அட்டவணையில் மூன்று மணி நேரச் செய்முறை எந்த மதியம் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். டுட்டோரியலோடு மோதுவது பெரும்பாலும் அதுதான்.

பிளேடும் பால்மரமும்

முதலாண்டுத் தாவர உள்ளமைப்பில் பாதி வேலை பிளேடு பிடிப்பதுதான். இரட்டை முனை சவர பிளேடு புதிதாக இருக்க வேண்டும், ஒரு வகுப்புக்கு ஒன்று. அதைக் காகித உறையிலேயே வைத்து நடுவில் உடைத்துக்கொண்டால் பிடிக்க வசதி. தண்டும் பிளேடும் நனைந்தே இருக்க வேண்டும். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்காமல், ஒரே இழுப்பில் தன் பக்கமாக வழிக்க வேண்டும். இருபது சீவல் சீவி, அதில் கண்ணாடிபோல் மிதக்கும் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வட்டம் வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். கால் வட்டம் மெல்லியதாகக் கிடைத்தால் தடித்த முழு வட்டத்தைவிட அது மேல்.

0.05% டொலுடீன் நீலத்தில் ஒரு நிமிடம், பிறகு நீரில் கழுவல். லிக்னின் ஏறிய சைலம் சுவர் நீலப்பச்சையாகவும், மற்ற மெல்லிய சுவர்கள் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவும் தெரியும். எல்லாமே கருநீலமாகத் தெரிந்தால் சாயத்தில் நேரம் கூடிவிட்டது, அல்லது சீவல் தடிமன். செம்பருத்திக் காம்பை எடுத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: வெண்டைக்காய் குடும்பம் ஆயிற்றே, கொழகொழவென்று வழுக்கி ஓடும். நீரை இரண்டு முறை மாற்றினால் கொஞ்சம் அடங்கும்.

படம் வரைவதில் எல்லோரும் செய்யும் ஒரு பிழை உண்டு. நுண்ணோக்கியில் 40 மடங்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து, படத்தின் கீழும் ‘40 மடங்கு’ என்று எழுதிவிடுவார்கள். படத்தின் உருப்பெருக்கம் என்பது படத்தின் அளவை உண்மை அளவால் வகுத்தது. கண்ணருகு வில்லையில் 18 என்று பொறித்திருந்தால், பொருளருகு வில்லை 4ல் பார்வை வட்டம் 4.5 மில்லிமீட்டர், 10ல் 1.8, 40ல் 0.45. 4ல் வட்டத்தை நிறைக்கும் தண்டைத் தாளில் 90 மில்லிமீட்டர் அகலத்துக்கு வரைந்தால் உங்கள் படம் 20 மடங்குதான்.

நம்மவர்களுக்குக் கொஞ்சம் உரிமையுள்ள மரம் பால்மரம், அதாவது ரப்பர் மரம். உள்ளமைப்பு பாடத்தையும் செயலியல் பாடத்தையும் அதை வைத்தே பாதி நடத்திவிடலாம். இளந்தண்டை அப்படியே சீவினால் பால் வடிந்து பிளேடில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே 70% ஆல்கஹாலில் போட்டு வைத்தால் பால் உள்ளேயே உறைந்து நிற்கும், பிறகு சூடான் சாயம் போட்டால் பால்குழாய்கள் ஆரஞ்சுச் சிவப்பாக எடுத்துக்காட்டும். முற்றிய மரத்தில் இந்தக் குழாய்கள் மரப்பட்டையின் உட்பகுதியில், இரண்டாம் நிலை புளோயத்தில், வளையம் வளையமாக இருக்கின்றன. குழாய்கள் நேர்ச்செங்குத்தாக இல்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் ஏறக்குறைய 30 பாகையில் இறங்குகிறது. அப்படி வெட்டினால் அறுபடும் குழாய்கள் அதிகம். எதிர்ச்சாய்வில் வெட்டினால் பால் குறையும். பட்டைக்கு உட்புறம் வளர்திசு அடுக்கான காம்பியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவாவது விட்டுவைக்காமல் கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்தப் பக்கத்தில் மறுபடி வெட்ட முடியாது.

விடியுமுன் பால் வெட்டப் போவது ஏன் என்பது தேர்வில் வரக்கூடிய நல்ல கேள்வி. ‘வெயில் இல்லாததால்’ என்று எழுதினால் பாதிப் புள்ளிகூட வராது. இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் நீராவிப்போக்கு குறைந்து, செல்களில் நீர் நிறைந்து, பால்குழாயின் விறைப்பு அழுத்தம் விடியலில் உச்சத்தில் இருக்கிறது. 10 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். சூரியன் ஏற ஏற இலை நீரை இழுக்கும், அழுத்தம் சரியும், பாலும் குறையும். பிறகு ஏன் பால் தானாக நிற்கிறது? வெட்டுவாயில் லூட்டாய்டு எனும் நுண்பைகள் உடைந்து பாலை உறையவைத்துக் குழாய் வாயை அடைத்துவிடுகின்றன. எத்தெஃபோன் எனும் தூண்டி மருந்தைத் தடவினால் ஒழுக்கு நீடிப்பது இந்த அடைப்பு தள்ளிப்போவதால்தான். இந்த மூன்று படியும் வரிசையாக இருந்தால்தான் அது விடை.

ஈரத்தில் செடி உலர்த்துவது

ஹெர்பேரியம் தாள், அதாவது உலர்த்திய செடியை ஒட்டிய தாள், தயாரிக்கும் பணி பெரும்பாலான தாவர வகைப்பாட்டுப் பாடங்களில் உண்டு, பத்து முதல் இருபது செடி வரை கேட்பார்கள். கோலாலம்பூர் ஈரப்பதத்தில் இதைக் கடைசி வாரத்துக்கு வைப்பவர் கையில் கடைசியில் மிஞ்சுவது பூஞ்சை.

எங்கே பறிப்பது என்பது முதல் பிரச்சினை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு பூங்காவிலும், தண்ணீர்மலைக் கோயில் பக்கத்தில் 1884ல் தொடங்கிய பினாங்கு தாவரவியல் பூங்காவிலும் செடியைப் பார்க்கலாம், படிக்கலாம், படம் எடுக்கலாம். அனுமதி இல்லாமல் பறிக்கக்கூடாது. வனக் காப்பகங்களிலும் அப்படித்தான். சாலையோரம், வீட்டுப் பின்புறம், செம்பனைத் தோட்ட ஓரம் போதும். தொட்டாற்சிணுங்கியும் செண்டுடுக்கும் கிடைக்காத இடமில்லை.

தாள் சுமார் 42க்கு 28 சென்டிமீட்டர் என்பதால் 30 சென்டிமீட்டர் கிளை சரியாக அமையும். நீளமானால் ஆங்கில ‘என்’ எழுத்துபோல மடக்குங்கள், வெட்டி எறிய வேண்டாம். பூவோ காயோ இருக்க வேண்டும். ஓர் இலையாவது அடிப்பக்கம் தெரிய வேண்டும், ஏனென்றால் நரம்பும் மயிரும் சுரப்பியும் அங்கேதான். அழுத்தியில் வைத்த முதல் மூன்று நாள் தினமும் நாளிதழை மாற்றுங்கள். 50 முதல் 60 பாகை செல்சியஸ் உலர்த்தியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் முறுகிவிடும். அதற்கு மேல் சூடு வைத்தால் இலை கருகும், நிறமும் போகும். உலர்த்தி கிடைக்கத் தாமதமானால் கட்டுகளை 70% ஆல்கஹாலில் நனைத்து நெகிழிப்பையில் இறுகக் கட்டி வைக்கலாம். நிறம் போகும், இலை உதிராது. உலர்ந்ததா என்று பார்க்க எளிய வழி: கிளையைத் தூக்கினால் துவளக்கூடாது, கன்னத்தில் வைத்தால் குளிரக்கூடாது.

செடியைத் தின்னும் வண்டைக் கொல்ல மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் உறையவைப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படிந்து மறுபடி நனைந்துவிடும். அறைவெப்பத்துக்கு வரும்வரை பையை மூடியே வையுங்கள்.

புள்ளி செடிக்கு அல்ல, சீட்டுக்கு. உலர்ந்தால் தெரியாமல் போகும் எதையும் அன்றே எழுத வேண்டும்: பூவின் நிறம், மணம், பால் வடிந்ததா, மரமா கொடியா, எவ்வளவு உயரம். இடத்தை ‘பங்சார்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஆயத்தொலைவு, கடல்மட்ட உயரம், வாழிடம், தேதி, சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண் வேண்டும். அந்த எண் வாழ்நாள் முழுக்க ஒரே வரிசையில் ஓட வேண்டும், ஒவ்வொரு செமஸ்டரும் 1லிருந்து தொடங்கக்கூடாது.

குடும்பம் எழுதும்போது பழைய புத்தகம் காலை வாரும். டுரியானையும் இலவையும் ஒரு குடும்பத்திலும் கொக்கோவை இன்னொரு குடும்பத்திலும் வைத்திருக்கும் நூல்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. 1998க்குப் பிறகான வகைப்பாட்டில் இவை எல்லாம் செம்பருத்தியோடும் வெண்டையோடும் பருத்தியோடும் மால்வேசியில். மறுபடியும் எதை ஒன்று என்று எண்ணுவது என்ற அதே வழக்கு.

பச்சையத்தை அளக்கும் செய்முறை பற்றி இரண்டே எச்சரிக்கை. 0.1 கிராம் இலையை 80% அசிட்டோனில் அரைத்து 10 மில்லிலிட்டர் ஆக்குவார்கள். அதை மலிவான நெகிழிக் குவெட்டில் (ஒளி அளவிக்குள் வைக்கும் சிறு குப்பி) ஊற்றினால் அசிட்டோன் குவெட்டையே கரைத்து மங்கலாக்கும், கண்ணாடிக் குவெட் கேளுங்கள். 663 நானோமீட்டர் ஒளியில் எடுத்த அளவீட்டை 8.02ஆலும் 645ல் எடுத்ததை 20.2ஆலும் பெருக்கிக் கூட்டினால் வருவது லிட்டருக்கு மில்லிகிராம். இலையின் கிராமுக்கு மாற்றாமல் அறிக்கையில் போடுபவர்கள் வகுப்பில் பாதிப் பேர்.

தேயிலைத் தமிழரும் பால்மரத் தமிழரும்

ஒப்பீட்டு அரசியல் கட்டுரைகளில் கெட்டுப்போனவை பெரும்பாலும் ஒரே மாதிரி கெட்டுப்போகும். முதல் ஆயிரம் சொல் ஒரு நாட்டின் வரலாறு, அடுத்த ஆயிரம் சொல் இன்னொன்றின் வரலாறு, கடைசிப் பத்தியில் ‘இவ்வாறு இரு நாடுகளுக்கும் ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் உள்ளன’. இரண்டு சீவலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாயம் போட மறந்ததுபோல.

ஒப்பிட ஒரு விளைவு வேண்டும். நம் வீட்டுக் கதையிலேயே அருமையான ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி இரண்டு நாடுகளுக்குத் தோட்ட வேலைக்குத் தமிழர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் 11.7%. மலாயாவில் 1957ல் இந்தியர் ஏறத்தாழ 11%. அதே பேரரசு, அதே மொழி, அதே லயன் வீடு, ஏறக்குறைய அதே விகிதம். ஆனால் விடுதலை பெற்ற அதே ஆண்டில் இலங்கை கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. மலாயாவில் 1957 அரசியலமைப்பு விடுதலை நாள் முதல் மண்ணில் பிறக்கும் எவரையும் குடிமகன் என்றது. 1962 திருத்தத்தில்தான் பெற்றோர் நிபந்தனை வந்தது. ஏன் இந்த வேறுபாடு?

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843ல் வகுத்த வேற்றுமை முறை இதற்குப் பொருந்தும்: பெரும்பாலானவை ஒத்திருக்க, விளைவு மட்டும் வேறாக இருந்தால், வேறாக இருக்கும் காரணியைத் தேடு. குறிப்பேட்டில் ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் காரணிகள், மேலே இரண்டு நாடுகள். மக்கள்தொகை விகிதம் ஒத்துப்போகிறது, அதனால் அது காரணமாக இருக்க முடியாது. இந்த ஒரு வரியை எழுதினாலே கட்டுரை மற்றவர்களுடையதைவிட ஒரு படி ஏறிவிடும், ஏனென்றால் ‘சிறுபான்மையாக இருந்ததால்’ என்ற சோம்பேறி விடை அடிபட்டுப் போகிறது.

வேறுபடுவது எது? மலாயாவில் குடியுரிமை கேட்டு நின்ற பெரிய கூட்டம் இந்தியர் அல்ல, மக்கள்தொகையில் 37% இருந்த சீனர். 1948ல் தொடங்கிய அவசரகாலத்தில் அவர்களைக் கம்யூனிஸ்டுகள் பக்கம் போகவிடாமல் வைத்திருக்க வேண்டிய நெருக்கடி ஆட்சிக்கு. அவர்களுக்குத் திறந்த கதவில் இந்தியரும் நுழைந்தார்கள். கூடவே இந்தியர் கட்சியான ம.இ.கா. 1954ல் மலாய்க்காரர்களின் அம்னோ, சீனர்களின் ம.சீ.ச. கூட்டணியில் சேர்ந்தது. 1955ல் அந்தக் கூட்டணி 52ல் 51 இடம் வென்றது. வாக்காளர்களில் பெரும்பான்மையினர் மலாய்க்காரர்களாக இருந்தும் ம.இ.கா.வுக்கு 2 இடம் கிடைத்தது. பேரம் பேசும் மேசையில் நாற்காலி இருந்தது என்று அர்த்தம். இலங்கையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1947ல் தனித்து நின்று மலைநாட்டில் வென்றது, நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான். ஆளுங்கட்சிக்கு அவர்கள் கூட்டாளியாக இல்லை, போட்டியாக இருந்தார்கள்.

இங்கே தாவர அறிவியல் மாணவர்கள் கையைத் தூக்கலாம். தேயிலை குளிர்ந்த மலையில் தரம் தரும் பயிர், நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். பால்மரம் தாழ்நிலத்து வெப்பப் பயிர். அதனால் இலங்கையில் தோட்டத் தமிழர் சில மலை மாவட்டங்களில் திரண்டிருந்தார்கள், வாக்கு தொகுதியாக மாறியது, கண்டிச் சிங்களத் தலைவர்களுக்கு அது அச்சமாகத் தெரிந்தது. மலாயாவில் கெடாவிலிருந்து ஜொகூர் வரை மேற்குக் கரையெங்கும் தோட்டங்கள் சிதறிக் கிடந்தன, எந்தத் தொகுதியிலும் தமிழர் வாக்கு மட்டுமே வெல்லப் போதாது. பயிரின் தட்பவெப்பத் தேவை வாக்காளர் பரவலைத் தீர்மானித்தது, பரவல் அச்சத்தை. என் கணிப்பில் இந்தக் கோட்டைப் பிடித்து எழுதும் கட்டுரை தலைவர்களின் குணத்தை வைத்து எழுதும் கட்டுரையைவிட உறுதியாக நிற்கும்.

உடனே இதைக் கீறிப் பார்க்கவும் வேண்டும். இலங்கைத் தாழ்நிலத்திலும், களுத்துறை, கேகாலைப் பக்கம், ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன, அங்கும் தமிழர் இருந்தார்கள். அவர்கள் எங்கும் தொகுதி வெல்லும் அளவில் இல்லை, ஆனாலும் சட்டம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதானே என்று பதில் சொல்லலாம். அப்படியானால் பரவல் என்ற காரணி சட்டம் ஏன் வந்தது என்பதை விளக்கும், யாரைப் பிடித்தது என்பதை விளக்காது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டே நாடுகளை வைத்துக்கொண்டு ஐந்து காரணிகளைப் பிரிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாவதாகப் பர்மாவையோ ஃபிஜியையோ மொரீஷியஸையோ சேர்த்தால் சில காரணிகள் கழன்றுவிடும், கட்டுரை நீளமும் கூடிவிடும். 2,000 சொல்லுக்கு இரண்டு நாடே போதும்.

அளவிடும் பொருளிலும் கண் வையுங்கள். ‘குடியுரிமை கிடைத்தது’ என்றால் என்ன? மலாயாவில் விடுதலைக்கு முன் பிறந்த தோட்டத்தாருக்குக் குடியுரிமை தானாக வந்துவிடவில்லை, பலர் பதிய வேண்டியிருந்தது. பதியாமல் விட்டவர் பலர், குடிமகன் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எட்டியவர்களை இன்றும் பார்க்கலாம். இலங்கையில் 1964ல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. மிச்சம் இருந்த நாடற்றோர் நிலை 2003 சட்டம் வரை இழுத்தது. சட்டத்தில் கிடைத்ததை எண்ணுகிறீர்களா, கையில் அட்டை வந்ததை எண்ணுகிறீர்களா? மலாயாவின் 11% ‘இந்தியரில்’ மலையாளியும் தெலுங்கரும் பஞ்சாபியும் நகரத்து வணிகரும் அடக்கம். இலங்கையின் 11.7% வேறு வகை. ஒரு சொல்லை இழுத்து எல்லாவற்றுக்கும் மாட்டுவதைத்தான் சார்த்தோரி 1970ல் கருத்தை நீட்டுவது என்று கண்டித்தார்.

தேர்தல் முறை பற்றிய வாரம் சுருக்கமாக முடிந்துவிடும், ஆனால் எண் ஒன்றை மனதில் வையுங்கள். 2013ல் தேசிய முன்னணி 47.38% வாக்கில் 133 இடம் எடுத்தது, அது 60%. பக்காத்தான் ராக்யாட் 50.87% வாக்கில் 89. ‘மோசடி’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட வேண்டாம். முந்தியவர் வெல்லும் முறையின் இயல்பான சாய்வு எவ்வளவு, தொகுதி அளவு ஏற்றத்தாழ்வால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பேச வேண்டும். 1978 முதல் விகிதாசார முறைக்குப் போன இலங்கையைப் பக்கத்தில் வைத்தால் பிரிப்பது எளிது.

மூலங்கள் விஷயத்தில் தமிழ் படித்தவருக்குத்தான் ஆதாயம். மலேசிய நாடாளுமன்றத்தின் பழைய ஹன்சார்டுகள் (விவாதப் பதிவுகள்) இணையத்தில் 1959 முதல் கிடைக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன, வகுப்பில் மற்றவர்களால் படிக்க முடியாத ஆதாரம் அது. சொல் தேடலை நம்ப வேண்டாம், பழைய ணா, றா, னை எழுத்து வடிவங்கள் கருவிக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. நாளை வைத்துப் புரட்டுங்கள். இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15, அதற்கு முந்தைய நான்கு மாதம், பிந்தைய இரண்டு மாதம். தேடித்தான் ஆக வேண்டும் என்றால் ‘குடியுரிமை’ என்று அடிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது ‘பிரஜா உரிமை’.